ஐந்து மாடு, மூன்று ஆடு: புதுச்சேரியிலிருந்து கிள்ளை வரை

முதல் நாள், புதுச்சேரி

விருத்தாசலத்தில் காலை ஆறரைக்கு பஸ் ஏறி, பண்ருட்டியில் ஒரு டீ குடித்துவிட்டு, பத்து மணிக்கெல்லாம் புதுச்சேரி வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் சித்தி மகள் வீட்டுப் புதுமனை புகுவிழா. நான்கு நாள் முன்னாலேயே கிளம்பியதற்குக் காரணம் பெரியப்பா. ரத்த உறவு இல்லை, அப்பாவின் சின்ன வயது நண்பர். குருசுக்குப்பத்துப் பக்கம் தனியாக இருக்கிறார். புதுச்சேரிக்காரர்கள் 'சொல்தா' என்பார்களே, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்குகிறவர்கள், அதில் ஒருவர்.

பட்டாளம் முடிந்து அவர் சில வருடம் ரெயூனியன் தீவில் இருந்தார். அங்கிருந்து இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் பிரான்ஸ் வைத்திருக்கும் தீவுகளுக்கு ஆராய்ச்சியாளர்களும் சாமான்களும் போகும் கப்பலில், சமையல்கட்டு உதவியாளாக இரண்டு முறை போய்வந்திருக்கிறார். 1980களின் நடுவில் நடந்தது. போன பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அப்படி ஒரு தீவில் மனிதர் இல்லாமல் மாடு மட்டுமே இரண்டாயிரம் இருந்ததைச் சொன்னார். அதிலிருந்து அது என் மனதைவிட்டுப் போகவில்லை. எங்கள் வீட்டில் அம்மா ஆடு வளர்த்துத்தான் எங்களைப் படிக்கவைத்தாள். ஆடு மாடு என்றால் எனக்குக் காது தானாக நீளும்.

இன்று மதியம் சாப்பாடு முடிந்ததும் மறுபடியும் அதையே கேட்டேன். எழுந்துபோய் ஒரு பழைய உலகப்படத்தை எடுத்துவந்து விரித்தார். "கன்னியாகுமரியில விரலை வை. அப்படியே நேரா கீழ இறக்கு" என்றார். இறக்கினேன். நிலம் என்று எதுவுமே தட்டுப்படவில்லை. ஐயாயிரம் கிலோமீட்டர் கடலுக்கு அப்புறம் ஒரு புள்ளி. அதுதான் ஆம்ஸ்டர்டாம் தீவு. கன்னியாகுமரியின் தீர்க்கரேகைதான் அதற்கும். நீள அகலமெல்லாம் சேர்த்து 55 சதுர கிலோமீட்டர் இருக்கும், அவ்வளவுதான்.

1871இல் ரெயூனியனிலிருந்து ஒரு விவசாயி குடும்பத்தோடு அங்கே குடியேறப் போனார். கூடவே மாடுகளும் போயின. காற்றும் குளிரும் தாங்கவில்லை. சில மாதங்களில் கிளம்பிவிட்டார்கள். மாடுகளைக் கொண்டுபோக முடியவில்லை. ஐந்து மாடு. ஐந்தையும் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். அதிலிருந்து பெருகியதுதான் பெரியப்பா பார்த்த கூட்டம்.

"கரையிலேர்ந்து பாத்தாலே தெரியும்மா. மேல வரைக்கும் புல்லு மட்டுந்தான். மரம்னு சொல்ல ஒரு மூலையில கொஞ்சம். அங்க ஆராய்ச்சிக்கூடத்துல இருக்கிறவங்க கறிக்கு அதுல ஒண்ண அப்பப்ப அடிப்பாங்க. நானும் ஒரு தடவ சமைச்சிருக்கேன்."

அந்த மரத்துக்கு ஃபைலிகா என்று பெயர். ஒருகாலத்தில் தீவைச் சுற்றி ஒட்டியாணம் போலக் காடாக இருந்திருக்கிறது. கப்பல்காரர்கள் வெட்டினார்கள், தீ வைத்தார்கள். அதற்குப் பிறகும் தளிர்த்திருக்கும். தளிர்த்ததை மாடு விடவில்லை. கடைசியில் சில ஏக்கர் மிஞ்சியது. மேட்டில் ஈரமான கரிநிலம் உண்டு. அங்கேதான் அந்தத் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் முட்டையிடாத ஒரு ஆல்பட்ராஸ் கடற்பறவை கூடு கட்டும். இரண்டு வருடத்துக்கு ஒரே ஒரு முட்டை. 1983இல்தான் அது தனி இனம் என்றே அடையாளம் கண்டார்கள். அப்போது வருடத்துக்கு ஐந்தாறு ஜோடிதான் கூடு கட்டின. அந்த ஈரநிலத்தையும் மாடுகள் மிதித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன.

1980களின் கடைசியில் தீவின் குறுக்கே வேலி போட்டார்கள். ஒரு பக்கத்து மாடுகளைச் சுட்டுத் தீர்த்தார்கள். மறுபக்கத்தில் கறிக்காக விட்டுவைத்ததையும் 2010இல் முடித்தார்கள். மரக்கன்றுகளை ஆயிரக்கணக்கில் நட்டார்கள். அந்த ஆல்பட்ராஸ் இப்போது சில டஜன் ஜோடி ஆகியிருக்கிறது. 2025 ஜனவரியில் பெரிய தீ பிடித்துத் தீவில் பாதிக்கு மேல் எரிந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று பெரியப்பா சரியாகச் சாப்பிடவில்லையாம்.

இன்னொன்றும் சொன்னார். அந்த மாடுகளைச் சுட்டது சரியா என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. முன்பு எடுத்துவைத்திருந்த மாதிரிகளை வைத்து 2024இல் மரபணு ஆய்வு வெளியானது. முக்கால் பங்கு ஐரோப்பிய மாடு, கால் பங்கு இந்தியப் பெருங்கடல் பக்கத்துத் திமில் மாடு. நூற்று நாற்பது வருடம் தனியாகப் பிழைத்து உருவான ஒரு வம்சம் அது. அப்படி ஒரு வம்சம் போய்விட்டதே என்று வருந்துகிறவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எனக்கும் நெஞ்சு கனத்தது. ஆனால் அந்தப் பறவைக்குப் போக வேறு இடம் கிடையாது.

சாயங்காலம் கடற்கரைச் சாலையில் நடந்தோம். கடலைப் பார்த்து நின்றால் வலதுகைப் பக்கம் தெற்கு. அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள், ஆரோவில் பக்கம்

எங்கள் ஊரில் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போனால் "கட்டறுத்துப் போச்சு" என்போம். பிடித்தவர்கள் பவுண்டில் அடைப்பார்கள், உடையவர் அபராதம் கட்டி மீட்டுவருவார். தீவில் கிடக்கும் மாட்டுக்கு இந்தச் சொல் பொருந்துமா என்று நேற்று இரவு வெகுநேரம் யோசித்தேன். பொருந்தாது. அது எதையும் அறுக்கவில்லை. நாம்தான் அவிழ்த்துவிட்டுப் படகேறினோம்.

காலையில் பெரியப்பாவுக்குத் தெரிந்த ஒரு அம்மாவைப் பார்க்கக் குயிலாப்பாளையம் போனேன். சின்னப் பெண்ணாக இருந்த காலத்திலிருந்து ஆரோவில் நாற்றங்காலில் வேலை செய்தவர். இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார். முதலில் என்னைச் செம்மண் பள்ளத்துக்குத்தான் கூட்டிப்போனார். கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் ஆரோவில்லுக்கும் நடுவில், மழைத்தண்ணீர் அறுத்து அறுத்து ஆளுயரத்துக்கு மேல் பிளந்த ஓடைகள். படம் எடுக்க ஆட்கள் வருகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. "இது அழகுன்னு சொல்லாதம்மா, இது மேடா இருந்த மண்ணு, கடலுக்குப் போயிருச்சு" என்றார்.

1968இல் ஆரோவில் தொடங்கியபோது இந்த மேடு பொட்டல். காட்டை வெட்டியது, விறகு எடுத்தது, விடாமல் மேய்த்தது எல்லாம் சேர்ந்து இரண்டு நூற்றாண்டில் வந்த நிலை. ஐப்பசி மழையில் மண் கரைந்து ஓடிக் கடலே சிவக்கும் என்பார்கள். மண்ணை நிறுத்தக் கரை போட்டார்கள், பிறகு கன்று நட்டார்கள். அந்த அம்மாவின் நினைவில் பெரிய வேலை நடுவது இல்லையாம்.

"நட்டுட்டு திரும்பி வந்தா குச்சிதான் நிக்கும். ஆடு நுனியக் கிள்ளிட்டுப் போயிரும். முள்ளு வெட்டி வேலி கட்டணும். வேலிய வெறகுக்கு எடுத்துட்டுப் போவாங்க. திரும்பக் கட்டணும். நானே எங்க ஆட்ட மேய்ச்சவதான், எனக்கு ரெண்டு பக்கமும் தெரியும்."

அவர் சொன்னதை நானும் பார்த்திருக்கிறேன். மாடு நாக்கால் சுருட்டி இழுக்கும். செம்மறி தரையோடு ஒட்டி மேயும். வெள்ளாடு பின்னங்காலில் நின்று கொழுந்தை எட்டும், சாய்ந்த மரமாக இருந்தால் ஏறியே போகும். பெரிய மரம் நின்றுகொண்டுதான் இருக்கும், அதனால் யாருக்கும் ஆபத்து தெரியாது. அதன் கீழே அடுத்த தலைமுறை மட்டும் இருக்காது. கிழமரங்கள் விழும் காலத்தில்தான் காடு போய்விட்டது என்றே ஊருக்குத் தெரியவரும். இங்கே நம் ஊரில் ஆடு வந்தால் பிடித்துக் கட்டலாம், உடையவரைக் கூப்பிட்டுப் பேசலாம். தீவில் உடையவரும் இல்லை, புலியும் இல்லை. பக்கத்துக் காட்டிலிருந்து விதை விழவும் வழியில்லை.

திரும்பும்போது மொரட்டாண்டி வழியாக வந்தோம். இந்தப் பக்கத்திலிருந்து இயங்கும் 'ஃபெரல்' என்ற சூழலியல் அமைப்பைத் தொடங்கியவர் ரவூஃப் அலி. 2016இல் காலமானார். அந்தமானில் வெளியிலிருந்து கொண்டுபோய் விட்ட மானும் யானையும் காட்டை என்ன செய்கின்றன என்று அக்கறையோடு ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர். 'ஃபெரல்' என்ற சொல்லே ஆங்கிலத்தில் இப்படி வீட்டைவிட்டு வெளியேறி வாழும் விலங்கைத்தான் குறிக்கும். அவரைப் பார்க்காமல் போனோமே என்றிருந்தது. அவர் சொன்ன அந்தமான் நாளைக்கு எனக்கு வேறு ஒருவர் வாயிலிருந்து கிடைக்கப் போகிறது என்று அப்போது தெரியாது.

மூன்றாம் நாள், கடலூர்

பெரியப்பா பஸ் நிலையம்வரை வந்து ஏற்றிவிட்டார். இருபது சொச்சம் கிலோமீட்டர்தான். மஞ்சக்குப்பத்தில் இறங்கித் தேவனாம்பட்டினம் போனேன்.

கெடிலம் கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் புனித டேவிட் கோட்டை இருந்தது. 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. இப்போது மிச்சம் கொஞ்சம்தான். பள்ளிக்கூடத்தில் கிளைவ், லாலி என்று படித்ததெல்லாம் இங்கே நடந்தவை. எனக்கு இன்று ஞாபகம் வந்தது வேறு. இதே கம்பெனியின் கையில் அதே காலத்தில் அட்லாண்டிக் கடலில் செயின்ட் ஹெலினா தீவு இருந்தது, பின்னால் நெப்போலியனைச் சிறைவைத்த தீவு. 1513 வாக்கில் போர்த்துகீசியர் அங்கே ஆடுகளை விட்டார்கள், கப்பலில் வருகிறவர்களுக்குக் கறி கிடைக்கட்டும் என்று. நல்ல எண்ணம்தான். ஆடு பெருகி, தீவுக்கே உரிய கருங்காலியைத் தின்று தீர்த்தது (பெயர்தான் கருங்காலி, நம்மூர் மரம் இல்லை). 18ஆம் நூற்றாண்டில், ஆட்டைக் குறைத்தால்தான் மரம் தங்கும் என்று தீவிலிருந்து லண்டனுக்கு எழுதினார்கள். கருங்காலியைவிட ஆடு மதிப்பு வாய்ந்தது, ஆட்டை அழிக்க வேண்டாம் என்று பதில் வந்தது.

அன்றைய கணக்கில் அது சரியான பதிலாகவே பட்டிருக்கும். ஆட்டுக்கு விலை உண்டு. மண் பிடித்துநிற்பதற்கும் ஊற்று வற்றாததற்கும் யார் விலை போட்டார்கள்? அந்தச் சின்னக் கருங்காலி அழிந்தே போனது என்று நூறு வருடத்துக்கு மேல் நினைத்திருந்தார்கள். 1980இல் செங்குத்தான பாறை முகத்தில் இரண்டே இரண்டு செடி கண்டுபிடித்தார்கள். ஆட்டுக் கால் எட்டாத இடம். இன்று அந்தத் தீவில் நட்டு வளர்க்கும் அத்தனை செடியும் அந்த இரண்டின் வழி வந்தவை.

மதியம் ஓ.டி. என்கிற ஓல்டு டவுன் பக்கம், துறைமுகத்துக்குப் போகும் வழியில் ஒரு டீக்கடை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் அந்தமானில் முப்பது வருடம் இருந்தவர். அந்தமானில் தமிழர்கள் நிறைய, கடலூர்ப் பக்கத்திலிருந்தும் போயிருக்கிறார்கள். இவர் மரம் ஏற்றும் வேலை பார்த்தவர், சாத்தம் மரவாடியிலும் கொஞ்ச காலம். 1883இலிருந்து இருக்கும் பெரிய ரம்ப ஆலை அது. மான் பற்றிக் கேட்டதும் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"அங்க மான் கிடையாதும்மா முதல்ல. வெள்ளக்காரன் வேட்டையாட கொண்டாந்து விட்டான். புலி கிடையாது, சிறுத்தை கிடையாது, செந்நாய் கிடையாது. யாரு புடிக்கிறது? ஒரு தீவுல விட்டா நீந்தி அடுத்த தீவுக்குப் போயிரும். நான் கண்ணால பாத்திருக்கேன், தலை மட்டும் தண்ணிக்கு மேல தெரியும், படகு மாதிரி கோடு போட்டுக்கிட்டு வரும்."

வீட்டுக்குப் பின்னால் கீரைப்பாத்தி போட்டால் வேலி கட்டாமல் ஒரு இலை கிடைக்காதாம். வேட்டையாட முடியாது, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புள்ளிமானும் பாதுகாக்கப்பட்ட விலங்கு. முதுமலையில் அதற்குப் பாதுகாப்பு வேண்டும்தான். அங்கே அதைத் தின்ன, நோய்ப்பட்டதைக் கழிக்க, எல்லாம் இருக்கிறது. அந்தமானில் அதே மான் காட்டின் அடித்தட்டைச் சுரண்டிவிடுகிறது. அங்கே தரையோரப் புதர்களை நம்பி வாழும் பல்லி, ஓணான் வகைகள்கூட மான் மேய்ந்த இடங்களில் குறைந்துபோயிருப்பதை ஆய்வில் கண்டிருக்கிறார்கள். சுற்றுலாப் போகிறவர்கள் ராஸ் தீவில் மானுக்கு பிஸ்கட் கொடுத்துப் படம் எடுத்து வருகிறார்கள். என் வீட்டிலும் அப்படி ஒரு படம் இருக்கிறது, அதை எடுத்தது நான்தான்.

யானைக் கதையும் சொன்னார். மரம் வெட்டும் கம்பெனி ஒன்று யானைகளைக் கப்பலில் கொண்டுபோய் இன்டர்வியூ தீவில் வேலைக்கு வைத்திருந்தது. 1962இல் கம்பெனி நொடித்துப்போனது. நாற்பது யானை வரை அங்கேயே நின்றுவிட்டன. பிரம்பையும் தாழையையும் தின்று, மரப்பட்டையை உரித்து, யானை தன் பசிக்குச் செய்வதைச் செய்தது. "பாகன் போயிட்டான், யானைக்கு யார் சொல்றது கம்பெனி மூடிட்டாங்கன்னு" என்றார் பெரியவர். சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மியது. அந்த யானைகளில் சிலவற்றின் பெயர்கூட அவருடைய அண்ணனுக்குத் தெரியுமாம்.

நம் புள்ளிமான் இன்னும் தூரமெல்லாம் போயிருக்கிறது. 1868இல் ஹவாய் அரசர் ஐந்தாம் கமேஹமேஹாவுக்குப் பரிசாகப் போன சில மான்களை மொலோகாய் தீவில் விட்டார்கள். இன்று அந்தத் தீவுக்கூட்டத்தில் மான் வராமல் இருக்க மலைக்காட்டைச் சுற்றி வேலி, தோட்டத்துக்கு வேலி, வேலியைப் பார்த்துக்கொள்ள ஆள். ஆடு, மாடு, மான், பன்றி எல்லாம் சேர்ந்து மேட்டைச் சொறிந்துவிட்டதால் மழையில் செம்மண் இறங்கி மொலோகாயின் பவளப்பாறைமேல் படிகிறது. பாறை மூடினால் மீன் போச்சு. இதைத் துறைமுகத்து டீக்கடையில் சொன்னபோது விளக்கவே வேண்டியிருக்கவில்லை. முகத்துவாரத்தில் மண் ஏறினால் என்ன ஆகும் என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

நான்காம் நாள், பிச்சாவரம், கிள்ளை

இன்று எழுத நிறைய இருக்கிறது. கை வலிக்கிறது, இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

காலை எட்டு மணிக்குப் பிச்சாவரம் படகுத்துறை. துடுப்புப் படகு. படகோட்டுகிற தம்பி கிள்ளைக்காரர், முப்பது வயதிருக்கும். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் காடு, ஐம்பது சின்னத் திட்டுகள். 'தீவு' என்று யாரும் சொல்வதில்லை, எல்லாம் திட்டு.

சுரபுன்னைச் சந்துகளுக்குள் எல்லாரும் படம் எடுப்பார்கள். நான் கரையோரத்து வெண்கண்டலைக் காட்டச் சொன்னேன். மாடு விரும்பித் தின்னும் இலை அது. கரையை ஒட்டிய இடங்களில், மாட்டு வாய் எட்டும் உயரம் வரைக்கும் கத்தரித்த மாதிரி சமமாக நின்றது. அதற்கு அந்தப் பக்கம் தில்லை மரங்கள் கீழிருந்து உச்சிவரை தழைத்துக்கிடந்தன. தில்லைப் பால் கண்ணில் பட்டால் பார்வை போகும் என்பார்கள், மாடு வாய் வைக்காது. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான மரம். ஒரு காலத்தில் கோயில்வரை இந்தக் காடுதான்.

பிச்சாவரம் பாதியில் மொட்டையானதற்கு மாடு மட்டும் காரணம் இல்லை, அதையும் சொல்லவேண்டும். முன்பு வனத்துறையே பகுதி பகுதியாக மொத்தமாக வெட்டியது. வெட்டிய இடத்தில் மண் காய்ந்து தாழ்ந்து, உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியில்லாமல் உப்பு ஏறி, எதுவும் முளைக்காமல் கிடந்தது. அங்கங்கே தப்பி முளைத்த கன்றுகளை மாடு பார்த்துக்கொண்டது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊராரும் சேர்ந்து மீன்முள் மாதிரி வாய்க்கால் வெட்டி ஓதநீரை உள்ளே விட்டு வெளியே எடுத்தார்கள். கன்று பிடித்தது. கன்று நிமிரும்வரை மாட்டை உள்ளே விடுவதில்லை என்று ஊர் கட்டுப்பாடு போட்டுக்கொண்டதைத் தம்பி பெருமையாகச் சொன்னார். 2004 சுனாமியில் இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்கும் கடலைப் பார்த்த திட்டுகளில் இருந்தவர்களுக்கும் நடந்ததில் இருந்த வித்தியாசத்தை அவர் சொல்லவில்லை. அவருக்கு அப்போது பத்து வயதுக்குள் இருக்கும். நானும் கேட்கவில்லை.

நான் அவருக்குக் காலபாகோஸ் கதை சொன்னேன். ஈக்வடார் நாட்டுத் தீவுக்கூட்டம், ஆளைச் சுமக்கும் பெரிய ஆமைகள் இருக்கிற இடம். பின்டா என்ற தீவில் 1959இல் மீனவர்கள் மூன்று ஆடு விட்டார்கள், அடுத்த தடவை வரும்போது கறிக்கு ஆகும் என்று.

"மூணா? எத்தன கெடா?"

"ஒரு கிடா, ரெண்டு பெட்டை."

துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். "வருசத்துக்கு ஒண்ணு ரெண்டு ஈத்து, ஈத்துக்கு ரெண்டு குட்டி. ஆறேழு மாசத்துல குட்டியே பருவத்துக்கு வந்துரும். நாய் இல்ல, நரி இல்ல. விக்கிறவன் இல்ல…" நிறுத்திவிட்டார். "அக்கா, அது நூறெல்லாம் நிக்காது."

நிற்கவில்லை. 1971இலிருந்து சுட ஆரம்பித்தவர்கள், பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அந்த ஒரு தீவில் நாற்பதாயிரம் ஆட்டுக்கு மேல் சுட்டார்கள். முடிந்தது என்று நினைத்தபோது சில ஆடுகள் ஒளிந்திருந்தன. அவற்றையும் தேடி முடிக்க 2003 ஆயிற்று. அதற்குள் பின்டாவின் ஆமைகளில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. அதற்கு முன்பே திமிங்கில வேட்டைக் கப்பல்காரர்கள் ஆமைகளை உணவுக்கு அள்ளிப்போயிருந்தார்கள், பாக்கியின் மேய்ச்சலை ஆடு எடுத்துக்கொண்டது. அந்த ஒற்றை ஆமைக்கு ஜார்ஜ் என்று பெயர் வைத்து நாற்பது வருடம் துணை தேடினார்கள். 2012 ஜூன் 24 அன்று அது இறந்தது. அதோடு அந்த இனம் முடிந்தது.

பக்கத்தில் சாந்தியாகோ, இசபெலா என்று பெரிய தீவுகள். 1997 முதல் 2006 வரை நடந்த திட்டத்தில் ஒன்றரை லட்சம் ஆட்டுக்கு மேல் அகற்றினார்கள். ஹெலிகாப்டரிலிருந்து சுட்டார்கள். செலவு ஒரு கோடியே ஐந்து லட்சம் டாலர். கடைசி நூறு ஆட்டைத் தேடுவதுதான் கஷ்டம். அதற்கு ஒரு உபாயம் செய்தார்கள். ஒரு ஆட்டைப் பிடித்துக் கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டி விடுவது. ஆடு தனியாக இருக்காது, எங்கே மற்ற ஆடு ஒளிந்திருந்தாலும் தேடிப்போய்ச் சேரும். பின்னாலேயே போய்ச் சுட்டுவிட்டு, பட்டை மாட்டிய ஆட்டை மட்டும் மறுபடி விடுவார்கள். அது அடுத்த கூட்டத்தைத் தேடிப் போகும். 'யூதாஸ் ஆடு' என்று பெயர்.

தம்பி ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார், "அவ்ளோ கறியையும் என்ன பண்ணாங்க?"

பெரும்பாலும் அங்கேயே விட்டுவிட்டார்கள். வழியில்லாத எரிமலைச் சரிவிலிருந்து யார் சுமந்து இறக்குவது? நான் அதைச் சொன்னபோது அவர் முகம் மாறியதைப் பார்க்க வேண்டும். ஆடு வளர்த்த குடும்பத்தில் பிறந்தவளாக எனக்கும் இந்த இடம்தான் தாங்கமுடிவதில்லை. அம்மா ஒவ்வொரு ஆட்டையும் விற்கும் முன்னால் தண்ணீர் காட்டி, நெற்றியில் மஞ்சள் வைத்துத்தான் கயிற்றைக் கொடுப்பாள். கூட்டத்தைத் தேடிப்போவது ஆட்டின் இயல்பு. அந்தப் பாசத்தையே அதற்கு எதிராகத் திருப்ப வேண்டிவந்தது. ஆனாலும் செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன். அகற்றிய சில வருடத்தில் சாந்தியாகோவில் செடி கொடி திரும்பியது. வேறு வழி இருந்தால் எடுத்திருப்பார்கள். 1959இல் அந்தப் படகில் மூன்று ஆட்டுக்கு இடம் இருந்தது. அந்த ஒரு நாளில்தான் வேறு வழி இருந்தது.

"அக்கா, சாயங்காலம் வாங்க, உங்களுக்கு ஒண்ணு காட்டுறேன்" என்றார் தம்பி.

நான்கு மணிக்குக் கிள்ளைக்குப் போனேன். அவர் மச்சான் கோடையிலிருந்து ஒரு மணல்திட்டில் ஆடு விட்டிருக்கிறார். புரட்டாசியில் கறி விலை இறங்கியிருந்ததால் விற்கவில்லை. தீபாவளிக்கு இன்னும் இரண்டு வாரம், இப்போதுதான் விலை ஏறும். மழையும் தொடங்கப் போகிறது. அதனால் இன்றும் நாளையும் எல்லா ஆட்டையும் கரைக்குக் கொண்டுவருகிறார்கள். இன்ஜின் படகில் நானும் ஏறிக்கொண்டேன்.

திட்டில் ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு தண்ணீர் டிரம். அடப்பங்கொடி, அதற்கு அப்புறம் வெறும் மணல். இருபத்து மூன்று ஆடு. ஒவ்வொன்றாகத் தூக்கிப் படகில் விட்டார்கள். மச்சானின் மனைவி கரையில் நின்று பெயர் சொல்லி எண்ணினார்: மூக்குத்தி, கருப்பி, அரைக்காது. இருபத்திரண்டு வந்தது. திரும்ப எண்ணினார். இருபத்திரண்டுதான். ஒரு பெட்டைக்குட்டி குறைகிறது.

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. மேகம் கட்டியிருந்தது. "ஒண்ணுதானே, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார் ஒருவர். மச்சான் பதில் சொல்லவில்லை, டார்ச்சை எடுத்துக்கொண்டு தாழம்புதர்ப் பக்கம் நடந்தார். தாய் ஆடு படகிலிருந்து கத்திக்கொண்டே இருந்தது. அரை மணி நேரம் காத்திருந்தோம். தண்ணீர் வற்றத் தொடங்கியதால் எங்களைக் கரைக்கு அனுப்பிவிட்டு, தாயை மட்டும் இறக்கி வைத்துக்கொண்டு அவர் திட்டிலேயே தங்கிவிட்டார்.

ஐந்தாம் நாள், சிதம்பரம்

புதுமனை புகுவிழா நன்றாக நடந்தது. விடியற்காலை பசுவையும் கன்றையும் வீட்டுக்குள் கூட்டிவந்தார்கள். பசு மிரண்டு வாசல்படியில் நின்றது, பிறகு வந்தது.

பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் வேதாரண்யத்துக்காரர். கோடியக்கரையில் குதிரைகள் தன்போக்கில் திரிவதைச் சொன்னார். யாரோ எப்போதோ விட்டவற்றின் வழி வந்தவை. வெளிமான் மேயும் அதே புல்லைத்தான் அவையும் மேய்கின்றன, சீமைக்கருவேலம் வேறு புல்வெளியை மூடிக்கொண்டு வருகிறது. அவருக்குக் குதிரையும் பிடிக்கும், வெளிமானும் வேண்டும். இலங்கையின் நெடுந்தீவில் போர்த்துகீசியர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகள் இன்னும் இருப்பதையும், வறட்சியில் தண்ணீரில்லாமல் அவை சாவதையும் நான் சொன்னேன். அப்பளம் வந்தது, பேச்சு அதோடு நின்றது.

இரவெல்லாம் மழை கொட்டியிருந்தது. எனக்குத் தூக்கம் சரியில்லை. பதினொரு மணிக்குக் கிள்ளைத் தம்பிக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. மதியம் இரண்டு மணிக்கு அவரே கூப்பிட்டார். பின்னால் இன்ஜின் சத்தம், எதுவும் சரியாகக் கேட்கவில்லை. "கிடைச்சுதா?" என்று கத்தினேன்.

"கிடைச்சுருச்சுக்கா. கொட்டகைக்குப் பின்னாலயே படுத்திருந்துச்சு, தாய் சத்தம் கேட்டு ராத்திரி தானா வந்துருச்சாம். இப்பதான் மூணு பேரையும் ஏத்திக்கிட்டு வரேன்."